தண்ணீரில் கண்டமா, உங்களுக்கு?

உங்கள் ஜாதகத்தில் ஜலகண்டம் என்று யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா? அநேகமாக இருக்கும். எங்கள் பக்கத்தில் பெண் குழந்தை பிறந்து ஜாதகம் கணித்தால் இந்த ஒரு வரி தவறாமல் வந்து உட்கார்ந்து கொள்ளும். "பதினாறு வயது வரை கிணற்றங்கரைக்கு விடாதீர்கள்" என்பார் ஜோசியர். பதினாறு தாண்டியதும் படிப்பு; படிப்பு முடிந்ததும் கல்யாணம்; பிறகு கைக்குழந்தை. நாற்பது வயதில் ஒரு நாள் மூச்சு விட நேரம் கிடைத்துத் திரும்பிப் பார்த்தால், முழங்கால் தண்ணீருக்கு மேல் நாம் இறங்கியதே இல்லை என்பது தெரியும்.

ஆண்பிள்ளைகளுக்கும் இதே கண்டத்தை எழுதத்தான் எழுதுகிறார்கள். அவர்கள் அதைப் படித்துப் பார்ப்பதற்கு முன்பே தோட்டத்துக் கிணற்றில் குதித்து நீச்சல் கற்றுக் கொண்டு விடுகிறார்கள். கண்டம் அவர்களைக் கண்டு பயந்து ஓடி விடுகிறது போலிருக்கிறது!

சங்கரன்கோயில் கரிசல் சூழ்ந்த ஊர். விசைத்தறிச் சத்தம் கேட்கும். தண்ணீர்ச் சத்தம் கேட்காது. ஆடித் தபசுக்கு வரும் ஜனக் கூட்டம்தான் எங்களுக்கு வெள்ளம். கண்மாய் நிறைந்தால் குடும்பத்தோடு போய்ப் பார்த்து விட்டு வருவோம். சாரல் காலத்தில் குற்றாலம் போய், பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக் கொண்டு தலையை மட்டும் நீட்டிவிட்டு, "அப்பாடா, குளித்தாயிற்று" என்று திரும்புவோம். அப்பேர்ப்பட்ட ஊரிலிருந்து நாலு பெண்கள் புறப்பட்டு, மழைக்காட்டின் நடுவே பாறைகளில் மோதிப் பாயும் ஆற்றில் ரப்பர்ப் படகு விட்டுக் கொண்டு போனோம் என்றால் நம்புவீர்களா? அந்த நாலு பேரில் ஒருத்தி இதை எழுதுகிறேன். மற்றவர்கள் என் மைனி, மைனியின் மகள், எதிர் வீட்டு டீச்சரம்மா. மைனிக்கு ஐம்பத்திரண்டு வயது. ஜலகண்டம் அசல் முத்திரையோடு ஜாதகத்தில் இருக்கிறது.

இந்த விளையாட்டு என்னவென்று முதலில் சொல்லி விடுகிறேன். மலையிலிருந்து இறங்கும் ஆறு, சரிவிலும் குறுகலிலும் பாறைகளுக்கிடையே அகப்பட்டுக் கொள்ளும்போது நுரைத்து வெள்ளையாகி விடும். அரிசி களைந்த கழுநீரைச் சாய்வான கல்லில் ஊற்றிப் பாருங்கள். கல் வழவழப்பாக இருந்தால் சத்தமில்லாமல் ஓடும், கொத்திய அம்மியாக இருந்தால் துள்ளித் தெறிக்கும். ஆறும் அப்படித்தான். அந்தத் துள்ளலை ஆங்கிலத்தில் 'ராப்பிட்' என்கிறார்கள். நாம் பாய்ச்சல் என்று வைத்துக் கொள்வோம். கெட்டியான ரப்பரில், உள்ளே தனித் தனி அறைகளாகக் காற்றடைத்த படகில் ஆறேழு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு துடுப்பால் தள்ளி, பாய்ச்சல் பாய்ச்சலாக இறங்கிப் போவதுதான் விளையாட்டு. ஓர் அறையில் ஓட்டை விழுந்தாலும் மற்ற அறைகள் படகைத் தாங்கும். உள்ளே வந்த தண்ணீர் அடித்தட்டின் துளைகள் வழியே தானே வெளியேறி விடும்.

பாய்ச்சல்களுக்கு உலகம் முழுவதும் ஆறு வகுப்புக்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு என்றால் சின்னச் சலசலப்பு. இரண்டும் மூன்றும் புதியவர்களுக்கு. நாலு, ஐந்து பழகியவர்களுக்கு. ஆறு என்றால், வீட்டில் சொல்லிக் கொண்டு போக வேண்டியது!

இதற்கு நம் பக்கத்தில் இடமில்லையா என்று கேட்பீர்கள். தேடிப் பார்த்தோம். தாமிரபரணி பொதிகையில் பிறந்து இறங்கும் அழகுக்கு ஈடில்லை. ஆனால் அவள் நடந்து இறங்குகிறவள் அல்ல, குதித்து இறங்குகிறவள். குதிக்காத இடத்தில் அணை கட்டி நிறுத்தியாயிற்று. காரையாறு அணையின் குறுக்கே படகேறிப் போய்ப் பாணதீர்த்தத்தில் குளித்த ஞாபகம் உங்களில் பலருக்கு இருக்கும். புலிகளுக்கென்று ஒதுக்கிய காடு அது. படகுப் போக்குவரத்தைப் பிறகு வனத்துறை நிறுத்தி விட்டது.

மலையைத் தாண்டிச் செங்கோட்டை, புனலூர் வழியாகக் கேரளத்துக் கோன்னிக்குப் போனால், பக்கத்தில் அடவி என்ற இடத்தில் கல்லாற்றில் பரிசல் விடுகிறார்கள். பரிசல் என்றதும் உங்களுக்கு ஒகேனக்கல் நினைவுக்கு வருமே! வாஸ்தவம். அங்குள்ளவர்கள் பரிசலையும் பரிசல் ஓட்டும் வித்தையையும் ஒகேனக்கல்லிலிருந்துதான் கொண்டு வந்தார்கள். கூடையைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற அந்த வட்டப் படகில் மூங்கில் காட்டின் நிழலில் போவது சுகமான காரியம். ஆனால் நாம் உட்கார்ந்திருப்போம். ஓட்டுகிறவர் வேறு ஒருவர். மைனியின் மகளுக்கு அது போதவில்லை. "அத்தை, நாமளே துடுப்புப் போடணும்" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அதற்கு ஏற்ற இடம், அதுவும் அசல் மழைக்காட்டின் நடுவே, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இலங்கையில், களனி கங்கையின் கரையில், கித்துல்கல. மதுரை போய் விமானம் ஏறினால் கொழும்பு. கொழும்பிலிருந்து ஹட்டன், நுவரெலியா போகும் மலைச் சாலையில் சுமார் 90 கிலோமீட்டர். தூரத்தைப் பார்த்தால் சென்னைக்குப் போவதை விடப் பக்கம் என்று கூடச் சொல்லலாம். பாஸ்போர்ட்டும் நுழைவு அனுமதியும் மட்டும் வேண்டும்.

அண்ணன் ஆட்சேபித்தான். "ஏளா, உனக்குத்தான் ஜலகண்டமாச்சே! குற்றாலத்திலேயே ஓரமா நிக்கிறவ நீ" என்றான் மைனியிடம். அதற்கு மைனி சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "ஜாதகத்துல பதினாறு வயசு வரைக்கும்னுதான் போட்டிருக்கு. முப்பத்தாறு வருஷமா கூடுதலாப் பயந்தாச்சு. அது போதும்."

இந்த வித்தையைப் பிழைப்பாகவே எடுத்துக் கொண்ட ஒரு பெண்மணியின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்காவைச் சேர்ந்தவர், பெயர் ஜார்ஜி வைட். 1944-ஆம் வருஷம் சைக்கிளில் போய்க் கொண்டிருந்த அவருடைய ஒரே மகளை ஒரு கார் மோதி விட்டு நிற்காமல் போய் விட்டது. பெண் இறந்து போனாள். பெற்ற வயிறு என்ன பாடு பட்டிருக்கும்! அடுத்த வருஷமே அவர், ஒரு நண்பருடன் கொலராடோ ஆற்றில், படகு கூட இல்லாமல், லைஃப் ஜாக்கெட்டை மட்டும் மாட்டிக் கொண்டு, அறுபது மைல் வெள்ளத்தோடு போனார். சாகத் துணிந்து போனார் என்று நினைப்பீர்கள். வாழத்தான் போயிருக்கிறார். யுத்தம் முடிந்து ராணுவம் கழித்துப் போட்ட பெரிய ரப்பர்ப் படகுகளை வாங்கி, மூன்று மூன்றாகச் சேர்த்துக் கட்டி, ஜனங்களைக் காசுக்கு ஏற்றிக் கொண்டு கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கின் பாய்ச்சல்களில் இறங்கினார். படகோட்டிகள் எல்லாம் ஆண்களாயிருந்த காலம் அது. முதலில் சிரித்தார்கள். பிறகு அவர் கட்டிய மாதிரியைப் பார்த்துத் தாங்களும் கட்டினார்கள். எண்பது வயதை நெருங்கும் வரையில் அந்த அம்மாள் ஆற்றை விடவில்லை. 1992-ல் காலமானார். அந்த ஆற்றின் பாய்ச்சல் ஒன்றுக்கு இன்று அவர் பெயர்.

வெள்ளைக்காரிக்கு நடக்கும், நமக்கு நடக்குமா என்று கேட்காதீர்கள். 1994-ல், எவரெஸ்ட் ஏறிய பச்சேந்திரி பாலின் தலைமையில் பதினெட்டு இந்தியப் பெண்கள் மூன்று ரப்பர்ப் படகுகளில் ஹரித்வாரத்தில் புறப்பட்டு, கங்கை வழியே கல்கத்தா போய்ச் சேர்ந்தார்கள். முப்பத்தொன்பது நாள், இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல்! பத்திரிகையில் படித்து விட்டு நாம் அன்று இட்லிக்கு அரைக்கப் போய் விட்டோம். ஞாபகம் இருக்காது.

சரி, கித்துல்கலைக்கு வருவோம். கித்துள் என்பது நம் மலைப் பக்கங்களில் கூந்தல் பனை என்று சொல்கிற மரம். 'கல' என்றால் சிங்களத்தில் பாறை. பதநீர் இறக்கிக் காய்ச்சிய கித்துள் கருப்பட்டி அங்கே கடைக்குக் கடை கிடைக்கும். நம் கருப்பட்டியை விட நிறம் மங்கல், மணம் ஜாஸ்தி. ஆற்றின் அக்கரை முழுதும் மாகந்தாவ என்ற மழைக்காடு. வருஷத்தில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிற இடம். எங்கள் ஊரில் நாலு வருஷம் சேர்த்துப் பெய்தாலும் அவ்வளவு தேறுமோ என்னமோ! மரத்தின் மேல் பாசி, பாசியின் மேல் கொடி, கொடியின் மேல் பெரணி என்று ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிறது. வெயில் தரைக்கு வருவதற்குள் களைத்துப் பச்சையாகி விடுகிறது.

அந்தக் காட்டைப் பற்றி ஒரு சுவையான செய்தி. 1995-ல் தீபால் வாரக்கொட என்ற பறவை ஆராய்ச்சியாளர் இங்கே இரவில் அதுவரை யாரும் அறியாத ஓர் ஆந்தையின் குரலைக் கேட்டார். குரல்தான் கேட்டதே தவிர ஆந்தை அகப்படவில்லை. அவர் விடவில்லை. ஆறு வருஷம் கழித்து, 2001-ல், சிங்கராஜக் காட்டில் அதைக் கண்ணால் பார்த்தார். உலகத்துக்கே புதிய இனம் என்று 2004-ல் அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒரு குரலைக் கேட்டு விட்டு ஆறு வருஷம் தேடுகிற பொறுமையை என்னவென்று சொல்வது! எங்கள் டீச்சரம்மாவுக்கு இதில் அளவு கடந்த சந்தோஷம். ராத்திரி முழுவதும் ஜன்னலைத் திறந்து வைத்துக் கொண்டு உட்கார்ந்திருந்தார். கொசுதான் வந்தது.

சினிமா பார்க்கிறவர்களுக்கும் இந்த ஊர் தெரிந்ததுதான். டேவிட் லீன் எடுத்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்துக்காக இந்த ஆற்றின் மேல் நிஜமாகவே ஒரு மரப்பாலம் கட்டி, 1957-ல் ரயிலோடு சேர்த்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். கதை நடந்த இடமோ சயாம். அந்த நிஜ ரயில் பாதையை ஜப்பானியர் 1942, 43-ல் போட்டபோது, மலேயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு போகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் செத்தார்கள். படத்தில் அவர்கள் இல்லை. ஏழு ஆஸ்கார் பரிசு பெற்ற படம், நல்ல படம்தான். ஆனாலும் பாலம் நின்ற இடத்தைப் பார்க்கும்போது நமக்கு மனசு ஒரு மாதிரியாக இருக்கிறது.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் படகுத் துறை. முதலில் உடுப்புப் பரீட்சை. சேலை கூடாது. சுரிதார் போட்டாலும் துப்பட்டா கூடவே கூடாது. படகின் கயிற்றிலோ மரக்கிளையிலோ சிக்கினால் கழுத்துக்கு ஆபத்து. ஒட்டினாற்போன்ற கால்சட்டையும் கையுள்ள சட்டையும், வாரில்லாத செருப்புக்குப் பதிலாகக் காலோடு கட்டிய ஷூவும் போதும். தலையை இறுகப் பின்னி முடிந்து கொள்ள வேண்டும். மூக்குக் கண்ணாடிக்கு ஒரு கயிறு. வளையல், தொங்கட்டான், கொலுசு எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். மைனி தாலியைக் கழற்ற மாட்டேன் என்று விட்டாள். சட்டைக்கு உள்ளே போட்டு, அதன் மேல் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கியாயிற்று. கைடுப் பையனுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை.

அந்த லைஃப் ஜாக்கெட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வந்தேன். தண்ணீருக்குள் மனித உடம்பின் கனம் நாலைந்து கிலோவுக்கு மேல் தெரியாது. அதைத் தூக்கிப் பிடிக்க ஒரு சின்ன மெத்தை போதும். நீச்சல் தெரியாதவரையும் அது மூழ்க விடாது. ஆனால் இடுப்பு, மார்பு, தோள் எல்லா வாரையும் இறுக்கியிருக்க வேண்டும். போட்டுப் பார்க்க ஒரு வழி: பக்கத்தில் நிற்பவரை ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டையையும் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் காது வரை ஏறினால் தளர்ச்சி என்று அர்த்தம். உங்களையும் சேர்த்துத் தூக்கினால் சரி.

"ஏரிதானே, ஆழமில்லையே, கசகசவென்று இருக்கிறதே" என்று இதைக் கழற்றி மடியில் வைத்துக் கொள்கிற வழக்கம் நம்மவர்களிடம் இருக்கிறது. 2009 செப்டம்பர் 30-ந் தேதி தேக்கடி ஏரியில் இரட்டைத் தட்டுப் படகு ஒன்று கவிழ்ந்தது. மிருகங்களைப் பார்க்கப் பிரயாணிகள் ஒரு பக்கமாகத் திரண்டார்கள் என்று சொன்னார்கள். லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. 45 பேர் மாண்டார்கள். அந்த ஏரியில் பாய்ச்சலும் இல்லை, பாறையில் மோதும் அலையும் இல்லை. குளம் போல் கிடக்கும் தண்ணீர். 2023 மே 7-ந் தேதி மலப்புறம் ஜில்லாவில் தானூரில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். ஆகவே சகோதரிகளே, முரட்டு ஆறு என்று நாம் பயப்படுகிற இடத்தில் எல்லாரும் ஜாக்கிரதையாக இருந்து விடுகிறார்கள். சாது ஏரியில்தான் கண்டம் காத்துக் கொண்டிருக்கிறது. பள்ளிக்கூட உல்லாசப் பிரயாணத்துக்குப் பிள்ளையை அனுப்பும்போது பஸ் டிரைவரைப் பற்றிக் கேட்கிறோம் அல்லவா? படகு உண்டா, ஜாக்கெட் உண்டா, குழந்தை அளவில் உண்டா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் கரையில் நின்று பார்த்தாலே போதும் என்று சொல்லி விடுங்கள்.

கைடுப் பையன் சிங்களவன்; அரைகுறைத் தமிழ் பேசினான். கரையிலேயே பாடம் நடத்தினான். "ஃபார்வர்டு" என்றால் முன்னோக்கித் துடுப்பு. "பேக்" என்றால் பின்னோக்கி. "ஸ்டாப்" என்றால் சும்மா. "கெட் டவுன்" என்றால் துடுப்போடு படகின் உள்ளே குந்தி, கயிற்றைப் பிடித்துக் கொள்ள வேண்டும். தண்ணீரில் விழுந்து விட்டால்? "அக்கா, எழும்பி நிக்க வேணாம். மல்லாந்து படுங்க. கால் ரெண்டும் முன்னால. கால் விரல் வானத்தைப் பாக்கணும்" என்றான்.

இது மிகவும் முக்கியம். ஓடும் ஆற்றில் விழுந்தவர் முதலில் செய்ய நினைப்பது எழுந்து நிற்பதுதான். அப்படி நிற்கும்போது பாதம் இரண்டு கற்களுக்கிடையே மாட்டிக் கொண்டால், பின்னாலிருந்து வரும் வெள்ளம் ஆளை முகங்குப்புறத் தள்ளி அழுத்தி விடும். இடுப்பளவு தண்ணீரில் கூட உயிர் போவது இதனால்தான். மல்லாந்து படுத்தால் பாறை வந்தாலும் காலால் உதைத்துத் தள்ளலாம். ஜாக்கெட் மிதக்க வைக்கும். படகில் இருப்பவர்கள் தோள்பட்டை வாரைப் பிடித்துத் தூக்கிப் போட்டுக் கொள்வார்கள். மைனியைக் கரையோரத் தண்ணீரில் இந்த மாதிரி படுக்க வைத்துப் பழக்கினான். அதற்கு ஐந்து நிமிஷமாயிற்று. மூன்று நிமிஷம் அவன் கையை விடவில்லை. நாலாவது நிமிஷம் விட்டு விட்டாள். தண்ணீர் தன்னைத் தாங்குகிறது என்று அவள் முகம் தெரிந்து கொண்ட அந்த விநாடியை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பிறகு ஏறி உட்கார்ந்தோம். ஐந்து கிலோமீட்டர்ப் பாதை. இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பாய்ச்சல்கள். ஒன்றுக்குத் 'தலைவெட்டி' என்ற அர்த்தத்தில் இங்கிலீஷில் பெயர் வைத்திருக்கிறார்கள். யார் வைத்தார்களோ, சுற்றுலா வருகிறவர்களைப் பயமுறுத்துவதில் அவர்களுக்கு என்ன ஆனந்தமோ!

தூரத்திலேயே சத்தம் கேட்கும். நூறு விசைத்தறி ஒன்றாக ஓடுகிற மாதிரி என்றாள் மைனியின் மகள். கிட்டே போகப் போக, கைடு எழுந்து நின்று தண்ணீரைப் படிக்கிறான். ஆம், படிக்கத்தான் படிக்கிறான். வழவழப்பான தண்ணீர் நாக்கு நீட்டினாற்போல் கீழ்நோக்கிக் கூர்மையாகப் போனால் அதுதான் ஆழமான வழி. கூர் நம்மை நோக்கித் திரும்பியிருந்தால் அடியில் பாறை. உலை கொதிப்பது போல் ஒரே இடத்தில் நுரை புரண்டு கொண்டிருந்தால், தண்ணீர் பாறை மேலேறிக் குதித்துத் தன்னைத் தானே சுற்றிக் கொண்டிருக்கிறது. அங்கே அகப்பட்டால் எளிதில் விடாது.

"ஃபார்வர்டு! ஃபார்வர்டு!" படகின் மூக்கு ஒரு விநாடி வெறும் காற்றில் நின்றது. பிறகு விழுந்தது. அப்பப்பா! முகத்தில் வாளி வாளியாகத் தண்ணீர். கண் தெரியவில்லை. டீச்சரம்மா ராமநாமம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. படகு ஒரு பாறையில் முட்டி, ரப்பர்ப் பந்து போல் துள்ளித் திரும்பி, பின்பக்கமாக இறங்கியது. "பேக்!" என்று கத்துகிறான். யாருக்கு முன், யாருக்குப் பின் என்று தெரியாமல் நாலு பேரும் நாலு திசையில் துடுப்புப் போட்டோம். எப்படியோ, வந்த வேகத்திலேயே எல்லாம் அடங்கி, பாலாடை போல் அமைதியான தண்ணீரில் வந்து நின்றோம். நாலு பேரும் இருக்கிறோமா என்று எண்ணிப் பார்த்தோம். இருந்தோம். மைனிதான் முதலில் சிரித்தாள். அந்த மாதிரி அவள் சிரித்து நான் கேட்டதில்லை.

கடைசிப் பாய்ச்சல் தாண்டியதும், ஆழமான அமைதியான மடுவில் இஷ்டமிருந்தால் இறங்கி மிதக்கலாம் என்றான். இறங்கியவள் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

யார் யார் போகக் கூடாது என்பதையும் சொல்லி விடுகிறேன். கர்ப்பிணிகள், சமீபத்தில் ஆபரேஷன் செய்து கொண்டவர்கள், இருதய நோயும் வலிப்பு நோயும் உள்ளவர்கள் கரையோடு நிற்பது உத்தமம். கை காலில் ஆறாத புண் இருந்தாலும் வேண்டாம். மழைப் பிரதேசத்து ஆற்றில் எலிக் காய்ச்சல் பயம் உண்டு. ஆற்று நீரை விழுங்காமல் வாயை மூடிக் கொண்டிருப்பது நல்லது. (இந்த ஒரு நிபந்தனைதான் எங்களுக்குக் கஷ்டமாயிருந்தது.) காட்டுக்குள் நடந்தால் அட்டை கடிக்கும். பிடுங்கி எறியாமல் கொஞ்சம் உப்பு வையுங்கள், தானே விழும். பெருமழைக் காலத்தில், "இன்று படகு விட மாட்டோம்" என்று அவர்கள் சொன்னால் கெஞ்சிக் கேட்காதீர்கள். 2016 மே மாதத்தில் இதே களனிதான் கரை புரண்டு கொழும்பின் சுற்றுப் புறங்களை முழுக அடித்தது.

இன்னொரு விஷயம் எனக்கு அங்கே போன பிறகுதான் புரிந்தது. இந்தத் துள்ளல் முழுவதும் இயற்கை கொடுத்ததல்ல. மேலே மலையில் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலியா ஓயா என்று இரண்டு ஆறுகள் சேர்ந்துதான் களனி ஆகிறது. அவற்றின் தண்ணீரால் மின்சாரம் எடுக்கலாம் என்று விமலசுரேந்திர என்ற இலங்கை என்ஜினீயர் 1918-லேயே கணக்குப் போட்டுக் காட்டினார். லக்ஷபான நிலையம் 1950-லும், கித்துல்கலைக்கு மேலே பொல்பிட்டிய நிலையம் 1969-லும் ஓட ஆரம்பித்தன. மின்சார நிலையம் தண்ணீரை விட்டால் ஆறு பெருகும். நிறுத்தினால் பாறை தெரியும். பிறகு 35 மெகாவாட்டில் பிராட்லண்ட்ஸ் திட்டம் என்று இன்னும் ஒன்று கிட்டத்தில் வந்தது. தண்ணீரைச் சுரங்கத்தில் திருப்பி விட்டால் படகுப் பிழைப்பு என்னவாகும் என்று அது கட்டப்படும்போதே ஊரில் பெருங் கவலை. விளக்கும் வேண்டும், படகும் வேண்டும். எந்தப் பக்கம் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. துடுப்புப் பிடித்துச் சாப்பிடுகிற வீடுகள் அந்தக் கரையில் அநேகம்.

அந்த அணைகளுக்காகப் போனது படகுத்துறை மட்டுமல்ல. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய மஸ்கெலியா ஊரே தண்ணீருக்கடியில் போயிற்று. கடும் கோடையில் நீர் வற்றினால் முழுகிய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் தலை காட்டும். அந்தத் தேயிலை மலைகளை உண்டாக்கியவர்கள் யார்? நம் திருநெல்வேலி, ராமநாதபுரம், திருச்சிராப்பள்ளிச் சீமைகளிலிருந்து மண்டபம் வழியாகப் போனவர்கள்தான். 1964-ல் இரு தேசத்துப் பிரதமர்களும் ஒப்பந்தம் போட்டு, இத்தனை லட்சம் பேர் உங்களுக்கு, இத்தனை லட்சம் பேர் எங்களுக்கு என்று பங்கு பிரித்துக் கொண்டார்கள். அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று ஆன குடும்பங்கள் எத்தனையோ.

படகை விட்டு இறங்கி, நனைந்த கோழிகள் போல் சாலையோரத் தேநீர்க் கடையில் ஒதுங்கினோம். எங்கள் பேச்சைக் கேட்டு விட்டுக் கடைக்கார அம்மாள் அடுப்பை விட்டு எழுந்து வந்தார். அறுபது வயதிருக்கும். "எந்தப் பக்கம் நீங்க?" என்றார்.

"சங்கரன்கோயில்" என்றாள் மைனி.

"கோமதி அம்மன் ஊரா?" என்றவர், எங்களை உட்கார வைத்து விட்டு, கித்துள் கருப்பட்டியை உடைத்து ஆளுக்கொரு துண்டு உள்ளங்கையில் வைத்தார். கடித்துக் கொண்டு கறுப்புத் தேநீர் குடிக்க வேண்டுமாம். அவருடைய அப்பாயி அந்தச் சீமையிலிருந்து வந்தவராம். ஊர்ப் பெயர் தெரியாது. பிள்ளைகளுக்குச் சொறி சிரங்கு வந்தால், "கோமதி அம்மன் புற்றுமண் இருந்தா ஒரே பூச்சுல போயிடும்" என்று கிழவி சாகிற வரையில் சொல்லிக் கொண்டிருந்தாளாம். "அது நெசமாவே இருக்கா அக்கா, இல்ல ஆயா சும்மா சொன்னதா?" என்று கேட்டார்.

"இருக்கு. கோயில்லயே குடுப்பாவ" என்றாள் மைனி.

தேநீருக்குக் காசு வாங்க மறுத்து விட்டார். கடை விலாசத்தை மைனியின் மகள் எழுதிக் கொண்டு வந்திருக்கிறாள். புற்றுமண்ணைத் தபாலில் அனுப்ப விடுவார்களா என்று தபாலாபீஸில் விசாரித்தோம். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நேரிலேயே கொண்டு போய்க் கொடுத்து விட்டால் என்ன என்று மைனி இப்போது பேச ஆரம்பித்திருக்கிறாள்.